மெலிவு முதுமையன்று

"வயதானால் உடம்பு வற்றத்தான் செய்யும்" என்னும் பேச்சைக் கேளாத தமிழ் வீடு இராது. தாத்தாவின் சட்டை தோளில் தொங்கினாலும், பாட்டியின் கன்னம் ஒட்டிப்போனாலும், நாம் இந்த ஒரே சமாதானத்தைச் சொல்லிக்கொண்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். நான் 25 ஆண்டுகளாகத் தியாகராய நகரில் மருத்துவத் தொழில் செய்து வருபவன். இந்தப் பேச்சை நானும் பலரிடம் சொன்னதுண்டு. அது பிழை என்று எனக்கு உணர்த்தியது ஒரு மருத்துவ நூலன்று. ஒரு பொன் வளையல்.

என் அத்தை மயிலாப்பூரில், கபாலீசுவரர் கோயிலுக்கு அருகில் ஒரு பழைய வீட்டில் வசித்து வருகிறார். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அன்று அவருக்கு வயது 82. சின்ன அத்தையும் அவரும் பல ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தவர்கள். சின்ன அத்தை நோயுற்றுக் காலமாகி இரண்டு மாதங்கள் ஆகியிருந்த சமயம், பள்ளியில் படிக்கும் என் மகளுடன் அவரைப் பார்க்கச் சென்றேன். இரத்த அழுத்தம் பார்த்தேன், நாடி பார்த்தேன், மாத்திரைச் சீட்டைச் சரிபார்த்தேன். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. அத்தை காப்பித் தம்ளரை உயர்த்திக் குடித்தார். வெளியே வந்ததும் என் மகள் கேட்டாள்: "அப்பா, பாட்டியின் வளையல் முழங்கை வரைக்கும் இறங்குகிறதே, கவனித்தீர்களா?"

நான் கவனிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் சோப்பு நுரை தடவியும் கழலாமல் இருந்த வளையல் அது. சின்ன அத்தையின் சுபசுவீகாரத்தன்று நான் அத்தைக்கு எதிரே அமர்ந்துதான் உணவருந்தினேன். அவர் இலையில் என்ன இட்டார்கள், எவ்வளவு மீந்தது என்பதை நான் பார்க்கவேயில்லை. மருத்துவனாகிய என் கண்ணுக்குத் தப்பியது, ஒரு பள்ளிச் சிறுமியின் கண்ணுக்குத் தப்பவில்லை. இந்தப் பேச்சை மாணவர்களாகிய உங்களுக்காக நான் எழுதுவதற்குக் காரணமும் அதுவே.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். முதுமையில் தசை ஓரளவு குறைவது இயல்பு. இதற்கு 1989 இல் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க அறிஞர் 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார். தசைத்தேய்வு என்று நாம் சொல்லலாம். ஆனால் சில மாதங்களுக்குள் உடம்பு மளமளவென்று இளைப்பது இயல்பன்று. ஆறு மாதத்தில் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்தால், அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும். 50 கிலோ எடையுள்ள பாட்டியிடம் இது வெறும் இரண்டரைக் கிலோதான். புடவைக்குள் அது எளிதில் மறைந்துவிடும்.

காரணங்கள் பல. வயது ஏற ஏற நாவின் சுவையும் மூக்கின் மணமும் மங்குகின்றன. சிறிது உண்டதுமே வயிறு நிரம்பியது போன்ற உணர்ச்சி வந்துவிடுகிறது. பற்கள் விழுந்தபின் கடிக்க வேண்டிய பண்டங்கள் ஒவ்வொன்றாக இலையைவிட்டு நீங்குகின்றன. சில மருந்துகள் பசியை அடக்குகின்றன. இரைப்பையில் அமிலம் குறைவதால் பி-12 என்னும் வைட்டமினை உணவிலிருந்து பிரித்தெடுக்கும் ஆற்றல் பலருக்குக் குன்றுகிறது. பாலும் மிகுதியாக உண்ணாத மரக்கறி உணவினருக்கு இது இரட்டைக் குறை. இவற்றோடு துயரமும் தனிமையும் சேர்ந்தால், அடுப்பை ஏற்றும் ஊக்கமே போய்விடுகிறது.

இவற்றையெல்லாம்விட வலிய தடை ஒன்று நம் மனத்தில் இருக்கிறது. குறைவாக உண்பதே சிறப்பு என்று நாம் வழிவழியாகக் கற்றிருக்கிறோம். திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களில் ஆறு, உணவைப் பற்றியே பேசுகின்றன; முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணும்படி அறிவுறுத்துகின்றன. அது நடுவயதினருக்கு இன்றும் பொன்னான அறிவுரை. ஆயினும் 80 வயதில் ஆபத்து மறுபுறத்திலிருந்து வருகிறது. ஏகாதசிப் பட்டினி, ஒரு பொழுது, இரவில் பலகாரம் மட்டும் என்று பழகிய முதியவர் மெலியும்போது, "நியமமாக இருக்கிறார்" என்று நாம் பெருமைப்படுகிறோம். நோயை ஒழுக்கம் என்று எண்ணி வணங்கிவிடுகிறோம்.

இதன் விளைவு சிறிதன்று. தசை குறைந்தவர் எளிதில் விழுகிறார். விழுந்தால் எலும்பு முறிகிறது. முறிந்தால் புண் ஆறத் தாமதமாகிறது. படுக்கையில் கிடந்தால் மேலும் தசை கரைகிறது. தொற்றுநோயை எதிர்க்கும் வலிமையும் தாழ்கிறது. இவ்வாறு ஒன்று மற்றொன்றை இழுத்து வருகிறது. இந்தியாவில் 2017-18 இல் நடந்த நெடுங்கால முதுமை ஆய்வில், 45 வயதுக்கு மேற்பட்ட 72,000க்கும் அதிகமானோர் ஆராயப்பட்டனர். அவர்களுள் 60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் இருக்க வேண்டிய எடைக்குக் குறைந்திருந்தனர். தமிழ்நாட்டிலோ 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். ஆகவே இஃது ஓர் அத்தையின் கதை மட்டுமன்று.

இக்குறையை முன்கூட்டிக் கண்டறிவது எப்படி? நோய் என்று ஒருவர் முறையிடுமுன்பே, நலமாக இருப்பதாகத் தோன்றும் எல்லோரையும் ஓர் எளிய சோதனைக்கு உட்படுத்தி, ஐயத்துக்கு இடமானவர்களைப் பிரித்தறிவதை முன்சோதனை எனலாம். அரிசியை முறத்திலிட்டுப் புடைப்பது போன்ற வேலை இது. புடைத்தால் கல் தெரியும். ஆனால் சோறு ஆகிவிடாது. இந்த உவமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

முதியோருக்கென்றே அமைந்த ஊட்டநிலைச் சிறு மதிப்பீடு ஒன்று 1994 இல் வெளியாயிற்று. பிரான்சு நாட்டின் துலூஸ் நகர மருத்துவர் புரூனோ வெல்லாஸ் முதலியோர் இதை உருவாக்கினர். முதலில் அதில் 18 வினாக்கள் இருந்தன. பிறகு 2001 இல் அது ஆறு வினாக்களாகச் சுருங்கியது. 2009 இல் மேலும் திருத்தம் பெற்றது. இன்று உலகெங்கும் வழங்குவது இந்த ஆறு வினாப் படிவமே. இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. கருவி எதுவும் வேண்டியதில்லை. ஐந்து நிமிடப் பொழுது போதும்.

வினாக்கள் இவை. சென்ற மூன்று மாதங்களில் பசியின்மையாலோ, செரியாமையாலோ, மெல்லவும் விழுங்கவும் முடியாமையாலோ உணவு குறைந்ததா? மிகக் குறைந்தால் 0, ஓரளவு குறைந்தால் 1, குறையவில்லையானால் 2. அதே மூன்று மாதங்களில் எடை குறைந்ததா? மூன்று கிலோவுக்கு மேல் குறைந்தால் 0, தெரியாது என்றால் 1, ஒன்று முதல் மூன்று கிலோ வரை என்றால் 2, குறையவில்லையானால் 3. நடமாட்டம் எப்படி? படுக்கையோடு அல்லது நாற்காலியோடு இருப்பவருக்கு 0, எழுந்து நடமாடியும் வெளியே செல்லாதவருக்கு 1, வெளியே சென்று வருபவருக்கு 2. மூன்று மாதங்களுக்குள் கடும் நோயோ பெரும் மனத்துயரோ நேர்ந்ததா? ஆம் என்றால் 0, இல்லை என்றால் 2. மறதி நோயோ மனச்சோர்வு நோயோ உண்டா? கடுமையாக இருந்தால் 0, மறதி லேசாக இருந்தால் 1, இல்லையானால் 2. ஆறாவது, உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்ற கணக்கு. இதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண்.

மொத்தம் 14. பன்னிரண்டுக்குக் குறையாமல் இருந்தால் நல்ல ஊட்டம். 8 முதல் 11 வரை இருந்தால் குறை நேரும் அபாயம். 7 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஊட்டக்குறை ஏற்பட்டிருக்கிறது என்று பொருள்.

ஆறாவது வினாவில் ஒரு சங்கடம் உண்டு. முதுகு கூனியவரின் உயரத்தைச் சரியாக அளப்பது எப்படி? எழுந்து நிற்க இயலாதவரை எடைக்கருவியில் ஏற்றுவது எப்படி? இதற்கு மாற்றாக ஓர் அழகிய வழி கண்டிருக்கிறார்கள். அது கெண்டைக்காலை அளப்பது. முதியவரை நாற்காலியில் அமர்த்தி, பாதம் தரையில் படியும்படியும் முழங்கால் செங்கோணத்தில் மடங்கும்படியும் வைத்து, தையற்காரர் பயன்படுத்தும் நாடாவைக் கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில், இறுக்காமல் சுற்றிப் பார்க்க வேண்டும். 31 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் 3 மதிப்பெண், குறைந்தால் 0. காலில் வீக்கம் இருந்தால் இந்த அளவு நம்மை ஏமாற்றிவிடும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் குழி விழுந்தால், அளவை நம்பாமல் மருத்துவரிடம் அனுப்புவதே முறை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தசைத்தேய்வை ஆராய்ந்த ஆசிய வல்லுநர் குழு 2019 இல் ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 சென்டிமீட்டர் என்று எச்சரிக்கை எல்லையை வகுத்தது. ஆகவே 31 என்பது கல்லில் செதுக்கிய எண் அன்று. அதற்குச் சற்று மேலே இருப்பவரையும் கவனித்து வருதல் நலம்.

அடுத்த வாரம் நான் மறுபடியும் மயிலாப்பூர் சென்றேன். இம்முறை ஸ்டெதாஸ்கோப்புடன் ஒரு நாடாவும் கொண்டு சென்றேன். "எனக்கு என்னடா குறை? வயசாயிற்று, இனி எதற்கு உடம்பு?" என்றார் அத்தை. உணவு ஓரளவு குறைந்திருந்தது: 1. எடை தெரியாது: 1. வீட்டுக்குள் மட்டுமே நடமாட்டம்: 1. தங்கையை இழந்த துயரம்: 0. அறிவில் தெளிவு, மனச்சோர்வு நோய் இல்லை: 2. கெண்டைக்கால் 28 சென்டிமீட்டர்: 0. மொத்தம் 5. இரத்த அழுத்தம் ஒழுங்காக இருந்த அதே அம்மையார், பட்டினியின் விளிம்பில் இருந்தார்.

ஏன் என்று கேட்கக் கேட்க, விடை ஒவ்வொன்றாக வெளிவந்தது. ஓராண்டாகப் பல்செட் தளர்ந்து ஈறைப் புண்ணாக்கியிருக்கிறது. அதை ஒரு சிறிய எவர்சில்வர் டப்பியில் போட்டு மூடி, பூஜை அலமாரியில் வைத்துவிட்டார். கூட்டும் பொரியலும் நின்றன. ரசம் சாதமும் மோர் சாதமும் எஞ்சின. பிறகு சின்ன அத்தை போனார். "எதிரில் ஒருவரும் இல்லாமல் தட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை" என்றார். இவற்றில் எதற்கும் மருந்துக் கடையில் மாத்திரை இல்லை.

ரசம் சாதத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்று வல்லுநர்கள் கூறுகின்றனர். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாள் ஒன்றுக்கு 50 கிராம். இரண்டு வேளைக்குமாக 200 கிராம் அரிசிச் சோறு உண்டால் அதில் கிடைப்பது ஏறக்குறைய 15 கிராம். மோரும் காப்பியிலுள்ள பாலும் சேர்ந்தாலும் பாதித் தேவைகூட நிறைவேறாது. இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். ஒரு தம்ளர் பாலில் 6 கிராமுக்கு மேல். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். கடிக்க முடியாதவருக்குப் பருப்பை மசித்துச் சோற்றில் பிசையலாம், பயற்றங்கஞ்சி காய்ச்சலாம், பொட்டுக்கடலையைப் பொடி செய்து சேர்க்கலாம். மீன் உண்பவர்க்கு முள் நீக்கிய மீன் மிக நல்லது. சிறுநீரக நோய் உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

நம் நகரில் இந்தக் குறை இரண்டு முகங்களோடு உலவுகிறது. அடையாறு காந்தி நகரிலும் பெசன்ட் நகரிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழும் முதியோர் பலருக்குப் பணக்குறை இல்லை. பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள். பேச்சுத் துணை கைப்பேசியில் வருகிறது. ஆனால் ஒருவருக்காக மட்டும் யார் சமைப்பது என்று காப்பியும் பிஸ்கட்டுமாக இரவு கழிகிறது. சாந்தோமை அடுத்த நொச்சிக்குப்பத்தைப் போன்ற கடலோரக் குப்பங்களில் முதியோர் பலரைச் சுற்றி மக்கள் உண்டு; பேரப்பிள்ளைகள் உண்டு. அங்கே குறைவது பணம். மீன் விற்ற காசில் முதலில் பிள்ளைகளுக்கு, பிறகு மகனுக்கு, மிஞ்சினால் தனக்கு என்று கிழவி உண்கிறாள். 1991 இல் அமெரிக்காவில் வெளியான ஒரு வினாப் பட்டியல் இவ்விரண்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. பெரும்பாலும் தனியே உண்பவருக்கு ஒரு புள்ளி. உணவு வாங்கப் போதிய பணமில்லாதவருக்கு நான்கு புள்ளி. அப்பட்டியலில் புள்ளி ஏற ஏற ஆபத்து மிகும். வறுமையின் எடை அதிகம்தான். ஆனால் தனிமைக்கும் எடை உண்டு என்பதை அது மறக்கவில்லை.

இனி முறத்துக்குத் திரும்புவோம். 1968 இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் முன்சோதனைக்கான நெறிகளை வகுத்தனர். கண்டுபிடித்த குறைக்குப் பரிகாரம் இருக்க வேண்டும். பரிகாரம் செய்ய இடமும் இருக்க வேண்டும். சோதனை ஒருமுறையோடு நின்றுவிடாமல் தொடர வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். முதியவரிடம், "உங்களுக்கு மதிப்பெண் 5" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தால், அது அவர் மனத்தைப் புண்படுத்துவதைத் தவிர வேறு பயன் தராது.

பரிகாரம் செய்ய நம் நகரில் இடங்கள் இல்லாமல் இல்லை. 1958 இல் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி தொடங்கிய தன்னார்வ சுகாதார சேவை நிறுவனம் அடையாற்றை அடுத்த தரமணியில் இருக்கிறது. குடும்பங்கள் தத்தம் வருவாய்க்கேற்ற சந்தா செலுத்திச் சேர்ந்து, நோய் வருமுன்பே ஆண்டுதோறும் உடலைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்னும் கருத்தை அவர் அன்றே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1978 இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராசன் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்நாட்டில் முதியோர் மருத்துவத்துக்கு அதுவே முன்னோடி. 2024 இல் கிண்டியில், கிங் நிலைய வளாகத்தில், 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

உணவுக்கும் வழி வகுத்த அரசு இது. 1962 இல் முதியோர் உதவித்தொகை மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 1982 இல் குழந்தைகளுக்கென விரிந்த சத்துணவுத் திட்டம், மறு ஆண்டே அவ்வுதவித்தொகை பெறும் முதியோரையும் சேர்த்துக்கொண்டது. 2013 இல் சாந்தோமில் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைத்தது. 2021 இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீடு தேடிச் சென்று தருகிறார்கள். அந்தப் பையில் ஒரு நாடாவும் ஆறு வினாக்கள் அச்சிட்ட ஒரு தாளும் சேர்ந்தால் எவ்வளவு நலம்! வாசலுக்கு வருபவர் மாத்திரை தீர்ந்ததா என்று கேட்பதோடு, சோறு மீந்ததா என்றும் கேட்பார் அல்லவா?

மாணவ நண்பர்களே, இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. நாட்டுநலப் பணித் திட்டத்தில் சேர்ந்துள்ள கல்லூரி மாணவர்கள், பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் ஒரு தெருவின் முதியோரை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அளந்து முடிக்கலாம். ஆனால் சில நெறிகளைக் காத்தல் வேண்டும். முதியவரின் சம்மதம் பெறாமல் தொடாதீர்கள். மதிப்பெண்ணை மருமகள் முன்னால் உரக்கப் படிக்காதீர்கள். பெரியவருக்குச் சோறு போடவில்லை என்ற பழியாக அது மாறிவிடும். நோயின் பெயரைச் சொல்வது உங்கள் வேலையன்று; மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே உங்கள் வேலை. நாள்பட உணவின்றி மிக மெலிந்தவருக்கு ஒரேயடியாக விருந்து படைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். உடலின் உப்புகள் நிலைகுலையும். அத்தகையவருக்கு மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே உணவைக் கூட்ட வேண்டும். பருத்த உடல் உள்ளவருக்கு இது வேண்டாம் என்றும் எண்ணாதீர்கள். கொழுப்பின் அடியில் தசை கரைந்திருக்கக்கூடும்.

இவ்வளவும் செய்ய வாய்ப்பில்லாதவர்கள், உங்கள் வீட்டிலேயே தொடங்கலாம். மோதிரத்துக்கு நூல் சுற்ற நேர்ந்ததா, வேட்டியின் மேல் கட்டும் பெல்ட்டில் புதிய துளை விழுந்ததா, ரவிக்கையைப் பிடித்துத் தைத்தார்களா, தட்டில் எது மீந்தது என்பதைப் பார்த்துவருவது உங்களால் முடியும்.

அத்தையின் செய்தியைக் கூறி முடிக்கிறேன். பல் மருத்துவர் புதிய பல்செட் செய்து கொடுத்தார். எதிர்வீட்டு அம்மாள் ஒருவர், தாமும் தனியே உண்பவர், நண்பகலில் தம் தட்டை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு வரத் தொடங்கினார். சனிக்கிழமைகளில் என் மகள் போகிறாள். பருப்பும் பாலும் கூடின. நான்கு மாதங்கள் கழித்து மீண்டும் அளந்தோம். உணவுக்கு 2, எடை குறையவில்லை, 3, கோயில் வரைக்கும் நடந்து வருகிறார், 2, புதிய துயரமில்லை, 2, தெளிவுக்கு 2. கெண்டைக்கால் 29 சென்டிமீட்டர்தான். அதற்கு இன்னும் 0. மொத்தம் 11. அபாய எல்லையை அவர் இன்னும் முழுதும் கடந்துவிடவில்லை. 80 வயதில் இழந்த தசை அவ்வளவு விரைவில் திரும்புவதில்லை. முன்பே பார்த்திருந்தால் இவ்வளவு இழந்திருக்க வேண்டியதுமில்லை. நாடா இப்போது அத்தை வீட்டுப் பூஜை அலமாரியில், பல்செட் இருந்த அந்த டப்பியில் இருக்கிறது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அதை எடுத்து அளக்கும் பொறுப்பை என் மகள் ஏற்றிருக்கிறாள்.